வாணியின் கடைசிப் பேப்பர்

துணி மடிக்கும் ரோபோ ஒன்றைச் செய்துவிட்டார்களாம். ஒரு துண்டை மடித்து வைக்க அதற்கு ஏழெட்டு நிமிஷம் பிடிக்கிறது. செல்போனில் சத்தமில்லாமல் ஓடுகிற படத்தில் அது துண்டின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வதென்று புரியாமல் நிற்கிறது. நான் மட்டும் என்ன வாழ்கிறேன், கையில் ஒரு ஈர டி-ஷர்ட்டோடு பால்கனியில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறேன், என்னைப் பற்றி ஒருவரும் செய்தி போடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், படுக்கையறையில், என் மனைவி கோகிலவாணி எனக்கு முதுகைக் காட்டியபடி பி.எஸ்ஸி. கணிதத்தின் கடைசிப் பேப்பரை எழுதிக்கொண்டிருக்கிறாள். கேள்விகள் லேப்டாப்பில் வரும், விடையைத் தாளில் எழுதி முடித்து ஒவ்வொரு பக்கமாகக் கேமராவுக்குக் காட்டவேண்டும், அதுவரை அதே கேமரா அவளைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அறைக்குள் இன்னொரு ஆள் முகமோ குரலோ வந்தால் முதல் தடவை மஞ்சள் பட்டை காட்டி எச்சரிக்கும், இரண்டாம் தடவை பரீட்சை மூடிக்கொள்ளும். போன தடவை இன்டர்நெட் போய்ப் பாதியில் நின்றது. இந்தத் தடவையும் நின்றால் அவளுடைய பதிவு காலாவதி, முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும், ஆரம்பிக்கமாட்டாள், எனக்குத் தெரியும். இவ்வளவும் தெரிந்த நான் எப்படி இங்கே வந்து மாட்டினேன் என்றால், எல்லாம் ஜாக்கிரதை உணர்ச்சியால்தான். எழுத்து உள்ள பொருள் எதுவும் கேமராவில் படக்கூடாது என்று விதிமுறையில் போட்டிருந்தது. காலண்டரைக் கழற்றினேன். முருகன் படத்தின் அடியில் கண்ணாடி போட்ட கடைக்காரன் பெயர் இருந்தது, அதன் மேல் டேப் ஒட்டினேன். மகளை அவள் அத்தை வீட்டுக்கு அனுப்பினேன், அவளிடம் எழுத்து எதுவும் இல்லை, வாய்தான். எல்லாம் முடிந்து திருப்தியாகத் திரும்பிப் பார்த்தால் பால்கனிக் கொடியில் எங்கள் பம்ப்செட் கம்பெனி ஆண்டுவிழாவுக்குக் கொடுத்த டி-ஷர்ட் தொங்குகிறது, நெஞ்சில் கொட்டை எழுத்தில் 'ஒன்றாய் உயர்வோம்'. கணிதப் பேப்பருக்கு அதனால் என்ன உதவி என்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை, ஓடிப்போய் உருவினேன், உருவித் திரும்பினால் உள்ளே வாணி லேப்டாப்பைக் கையில் தூக்கிக்கொண்டு அறையை நாலு பக்கமும் சுற்றிக் காட்ட ஆரம்பித்துவிட்டாள். அந்த நொடியில் எனக்குத் தோன்றிய ஒரே புத்தி, உட்கார்ந்துவிடுவது. உட்கார்ந்தவன்தான்.

மூன்று மணி நேரம். உள்ளே போக இருக்கிற ஒரே வழி அவள் நாற்காலிக்குப் பின்னால், கேமராவுக்கு நேர் எதிரே. மாடியிலிருந்து கீழே குதிக்கலாம், இரண்டாவது மாடி, குதித்தால் வேறு விதமான செய்தியில் வருவேன். ஆக செல்போன்தான் துணை. புது செல்போன் ஒன்று வந்திருக்கிறதாம், பழையதைவிட மெல்லிசு, இவர்கள் வருஷாவருஷம் மெல்லிசாக்கிக்கொண்டே போனால் ஒருநாள் வாங்கிய பெட்டிக்குள் ஒன்றுமே இருக்காது, அதற்கும் தவணை கட்டுவோம். பால் தீர்ந்தால் செய்தி அனுப்பும் ஃப்ரிட்ஜ். எங்கள் வீட்டில் பால் தீர்ந்தால் வாணி சொல்லுவாள், நான் மறப்பேன், ஃப்ரிட்ஜ் சொன்னாலும் மறப்பேன், ஆகையால் ஃப்ரிட்ஜுக்கு அந்தக் கேவலம் வேண்டாம். இணையத்தோடு பேசுகிற பல்துலக்கி, எந்தக் கடைவாய்ப் பல்லை விட்டுவிட்டோம் என்று யாருக்கோ தகவல் போகிறது, யாருக்கு, அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார், உண்மையிலேயே எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. இப்படி நான் பல்லில் இருக்கும்போதுதான் தெருமுனையில் அந்தக் குரல் கேட்டது. பூண்டு வண்டி. நாலு கிலோ நூறு ரூபாய், மலைப்பூண்டு, அம்மா வாங்க, அக்கா வாங்க, பார்த்து வாங்க, எடுத்துப் பார்த்து வாங்க. பதிவு செய்து வைத்த குரல், ஒலிபெருக்கியில், மூச்சே விடாமல். எங்கள் வீட்டுக்கு நேர் கீழே வந்து நின்றது. யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள், யார் அந்த மகராசி, இந்தத் தெருவில் இத்தனை பூண்டு யார் தின்கிறார்கள். மெஷினின் ஓரமாக எட்டிப் பார்த்தேன், வாணியின் தோளுக்கு அப்பால் திரையின் மேல்பக்கம் முழுக்க மஞ்சள். ஒரு மிஷின் பேசியதற்கு இன்னொரு மிஷின் என் பெண்டாட்டிக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டது. இனி ஒன்றுதான் பாக்கி, இன்னொரு மஞ்சள் என்பது கிடையாது. வாணி அசையவில்லை. தலை குனிந்தது, பேனா ஓடியது. பூண்டு வண்டி மெதுவாக, மிக மெதுவாக, அடுத்த தெருவுக்குப் போனது.

எங்கள் காலத்து சூப்பர்வைசர்கள் இப்படி இல்லை. குப்புராஜ் சார் என்று ஒருவர் வருவார், நடந்தால் செருப்பு சத்தம் போடும், அதனால் அவர் எந்த வரிசையில் இருக்கிறார் என்று திரும்பாமலே தெரியும், அதுவே ஒரு தர்மம். பார்த்துவிட்டால் பக்கத்தில் வந்து நின்று, "தம்பி, உன் பேப்பர்ல உன் தலையெழுத்தை எழுது, அவன் தலையெழுத்து எதுக்கு உனக்கு" என்பார், அவ்வளவுதான். இந்த மிஷினுக்குச் செருப்பு இல்லை. ஆனால் நேற்று ஒரு செய்தி படித்தேன், ஏதோ ஒரு செயற்கை அறிவு பெரிய பெரிய பரீட்சைகளை எழுதி முதல் வகுப்பில் தேறிவிட்டதாம். படித்ததும் எனக்கு முதலில் வந்த கேள்வி, பரீட்சையன்று காலையில் அதற்கு வயிற்றைக் கலக்கியதா? ஹால் டிக்கெட்டை எடுத்தோமா என்று பஸ்ஸில் நாலு தரம் பையைத் தடவிப் பார்த்ததா? இல்லையென்றால் அது எழுதியது பரீட்சை இல்லை, ரேஷன் கார்டுக்கு விண்ணப்பம். பரீட்சை என்றால் என்னவென்று நான் சொல்கிறேன். இன்ஜினீயரிங் மேத்தமேடிக்ஸ் மூன்றாம் பேப்பர், அதை நாங்கள் எம் த்ரீ என்போம், அந்தப் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது, பாருங்கள், வேர்க்கிறது, அல்லது இது டி-ஷர்ட் ஈரம். கேள்வித்தாளை வாங்கினேன். எழுத்தெல்லாம் தெரிந்தது, ஒவ்வொரு எழுத்தையும் வாசிக்க முடிந்தது, சேர்த்துப் படித்தால் ஒரு சொல்லும் ஆகவில்லை. சரி, கொஞ்சம் காற்று வாங்குவோம் என்று மேலே ஃபேனைப் பார்த்தேன், ஃபேன் சுற்றுவது ஏதோ ஒரு சமன்பாடு, அதுவும் தெரியவில்லை. அப்போது முன்வரிசையில் ஜெயப்பிரதா எழுந்து நின்றாள். எங்கள் வகுப்பின் முதல் மாணவி. "சார், அடிஷனல் ஷீட்." பரீட்சையில் பாதி நேரம்கூட ஆகவில்லை, கொடுத்த முப்பது பக்கத்தையும் நிரப்பிவிட்டு இன்னும் கேட்கிறாள். அந்த ஒரு வார்த்தைக்கு ஹாலில் அறுபது வயிறும் ஒன்றாகக் கலங்கியது. குப்புராஜ் சார் தாளோடு ஒரு துண்டு நூலையும் நீட்டினார், கட்டுவதற்கு. அவள் நூலை வாங்கி மேஜை ஓரத்தில் அழகாக வைத்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் தாளில் அன்றைக்கு நான் எழுதியது பதிவு எண் மட்டும், அதையும் சரியாக எழுதினேனா என்ற சந்தேகத்தில் மார்ஜினில் இன்னொரு தரம் எழுதிப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் ரசாக் கேட்டான். என் ரூம்மேட், பக்கத்து வரிசையில் உட்கார்ந்து கறுப்பு மையிலும் நீல மையிலும் மாற்றி மாற்றி எழுதியவன், இரண்டு கலரில் எழுதினால் திருத்துகிறவர் மனசு இளகி அஞ்சு மார்க் கூடப் போடுவார் என்பது அவன் கொள்கை. "லோகு, எத்தனை கேள்வி எழுதுன?" நான் கேள்வித்தாளைப் பிரித்தேன். அவன் என் கையிலிருந்த கேள்வித்தாளைப் பிடுங்கி நாலாக மடித்துத் தன் பையில் சொருகினான். "எழுதுனது எழுதியாச்சு. இனி இதைப் பிரிச்சுப் பாக்கறவன் உருப்படமாட்டான். வா, பேக்கரில சூடா பஃப்ஸ் போட்டிருப்பான்." பஃப்ஸ் தின்றோம். முட்டை பஃப்ஸ். அந்த முட்டையின் ருசி நாக்கில் இருக்கிறது, அந்தப் பேப்பரில் ஒரு கேள்வி என்னவென்று கேட்டால் இருக்கிறதா? இல்லை. அந்த எம் த்ரீயை மொத்தம் நாலு முறை எழுதித்தான் தாண்டினேன், நான் பாஸானது எனக்குக் கணக்கு வந்ததாலா, பல்கலைக்கழகத்துக்கு அலுப்பு வந்ததாலா என்பது இன்றுவரை விளங்கவில்லை. இப்போதும் வருஷத்துக்கு இரண்டு தடவை கனவு வருகிறது, பரீட்சைக்கு நேரமாகிவிட்டது, ஹால் எங்கேயிருக்கிறதென்று தெரியவில்லை, படிக்கட்டெல்லாம் எங்கள் கம்பெனி குடோனில் போய் முடிகிறது. விழித்ததும் பக்கத்தில் வாணி, எனக்கு டிகிரி இருக்கிறது, வேலை இருக்கிறது, அப்பாடா என்று இருக்கும். இவளுக்கு அந்தக் கனவு வருமா? இவள் பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷத்தோடு நின்றவள், மூன்றாம் வருஷம் ஃபீஸ் கட்டவேண்டிய மாதத்தில் எங்கள் கல்யாணம். எழுதாத பரீட்சை கனவில் வருமா, வந்தால் பயமாக வருமா, வேறு எப்படியாவது வருமா. ஒருநாளும் கேட்டதில்லை.

கிர்ர் என்று என் முதுகில் ஒரு நடுக்கம். வாஷிங் மெஷின் பிழிய ஆரம்பித்திருக்கிறது. காலையில் நான்தான் ஊறவைத்துத் துவைக்கப் போட்டேன், போட்டதை மறந்தேன். பிழிந்து முடிந்தால் இது பாடும். சாதாரணப் பாட்டு இல்லை, துவைத்து முடித்த சந்தோஷத்தில் ஒரு முழுப் பல்லவி பாடும், வாங்கியபோது கடைக்காரர் அதைத்தான் பெரிய வசதியாகச் சொன்னார், நானும் தலையை ஆட்டினேன், அன்றைக்கு ஒரு பட்டன் ஒரு டிக்கோடு நிற்கிற மிஷினை வாங்கியிருந்தால். பூண்டுக்காரன் குரலுக்கு மஞ்சள் வந்தது, இந்தப் பாட்டு குரலா இல்லையா என்று அது எப்படி முடிவு செய்யும், எனக்கு விஞ்ஞான ஆர்வம் உண்டு, ஆனால் அதை இன்றைக்குச் சோதித்துப் பார்க்கிற தைரியம் இல்லை. பட்டனை அமுக்கி நிறுத்தலாம் என்றால் அமுக்கினாலும் கீ என்று கத்தும். பிளக்கைப் பிடுங்குவதுதான் வழி. பிளக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில், என் நெற்றி உயரத்தில், கேமராவுக்கு நட்டநடுவில். கொஞ்சம் எழுந்தேன். உள்ளே வாணி இடது பக்கம் சாய்ந்தாள். கழுத்து வலியோ? நான் வலது கையை நீட்ட அந்தப் பக்கம் நகர்ந்தேன், அவளும் நாற்காலியை லேசாக அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் நின்றேன், அவள் நின்றாள். எனக்குச் சட்டென்று ஒன்று தோன்ற, திரையின் மூலையைக் கூர்ந்து பார்த்தேன். தபால்தலை அளவுக்கு ஒரு சின்னப் படம், கேமரா பார்க்கிறது அதில் தெரிகிறது, வாணியின் முகம், அவள் தலைக்குப் பின்னால், காதோரத்தில், கொஞ்சம் வழுக்கையாக எதுவோ. என் தலை. ஆரம்பத்திலிருந்தே அவளுக்குத் தெரியும். நான் தலையை நீட்டிய போதெல்லாம் தன் தலையால் என் தலையை மறைத்துக்கொண்டுதான் இந்தப் பெண்பிள்ளை தொகை நுண்கணிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது, விழுங்கினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை மட்டும் மேலே விட்டேன். அவள் தலைமுடியைச் சரிசெய்கிற மாதிரி ஒரு கையைத் தூக்கிக் கொண்டையை ஒதுக்கினாள், அந்த முழங்கை என் கையை மறைத்தது. பிளக்கைப் பிடுங்கினேன். மெஷின் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. நான் மறுபடி கீழே, இந்தத் தடவை முழுதாகக் கீழே, முழங்கால் இரண்டும் மோவாயைத் தொட. இனி தலை தெரியாது. அவள் நேராக உட்கார்ந்தாள்.

எதற்காகப் படிக்கிறாள்? தபால்வழிப் படிப்பில் மறுபடி சேர்ந்தபோதே கேட்டேன். "சும்மாதானுங்க," என்றாள். சும்மா யாராவது தொகை நுண்கணிதம் படிப்பார்களா, சும்மா என்றால் சீரியல் பார்ப்பது. வேலைக்குப் போகப்போகிறாயா என்றேன், "பாக்கலாமுங்க." மகளுக்குச் சொல்லித்தரவா, "அவ கணக்கே வேண்டாம்னுட்டாளே." அதற்கு மேல் கேட்கவில்லை. மதியம் சாப்பாடு முடிந்து மேஜையில் நோட்டைப் பரப்பி உட்கார்வாள், ஒரு கணக்கு முடிந்தால் பேனாவை வைத்துவிட்டு அதையே பார்ப்பாள், போட்டு முடித்த கோலத்தைப் பார்க்கிற மாதிரி. இதோ, செல்போனில் இன்னொரு செய்தி, மூளையின் மின்னோட்டத்தை வைத்து மனிதன் நினைப்பதைச் சொற்களாக மாற்றும் கருவிக்கு முயற்சி நடக்கிறதாம், தலையில் ஒரு தொப்பி மாட்டினால் போதுமாம். வீட்டுக்கு வீடு அந்தத் தொப்பி வந்தால் எத்தனை குடும்பம் மிஞ்சும் என்று முதலில் தோன்றியது, எனக்கு மாட்டினால் கருவிதான் பாவம், பல்துலக்கி, பஃப்ஸ், பூண்டு என்று வரிசையாகப் படித்துவிட்டுத் தன்னையே அணைத்துக்கொள்ளும். ஆனால் வாணிக்கு மாட்டினால்? என்ன வரும்? பத்தொன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், டீயில் அவளுக்கு எத்தனை சர்க்கரை, எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும், எல்லாம் தெரியும், அந்தத் தொப்பி முதல் வரியாக எதைச் சொல்லும் என்று ஊகிக்கக்கூடத் தெரியவில்லை. செல்போனில் சார்ஜ் தீர்ந்து திரை கறுத்தது. அதில் என் முகம் தெரிந்தது, பார்க்கிற மாதிரி இல்லை.

வெயில் பால்கனிச் சுவரைத் தாண்டி என் பாதத்துக்கு வந்துவிட்டது, நேரம் நெருங்கியிருக்கவேண்டும். மெஷினுக்கும் சுவருக்கும் இடையில் விரல் அளவு சந்து இருந்தது, அதில் ஒரு கண்ணை வைத்தேன். வாணி தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கேமராவுக்குக் காட்டுகிறாள். ஒன்று, இன்னொன்று, திருப்பி இன்னொன்று, அடுக்கி வைக்கிறாள். முடிந்தது. இனி ஒரு பச்சைப் பட்டன், சமர்ப்பித்தேன் என்று அதை ஒரு தட்டு தட்டினால் பட்டதாரி. நான் எழுந்திருக்கத் தயாராகக் கைகளைத் தரையில் ஊன்றினேன். அவள் தட்டவில்லை. கைகள் மடியில். அசையவில்லை. ஏதோ விட்டுவிட்டாள். ஒரு பக்கத்தைக் காட்ட மறந்திருப்பாள், அல்லது ஏதோ ஒரு கேள்வியில் ஆரம்பமே தப்பு என்று இப்போது கண்ணில் பட்டிருக்கும், அல்லது எனக்கு வந்ததே, அதேதான், எழுத்து தெரியும், சொல் தெரியாது. அந்த உட்கார்வு எனக்குத் தெரியும், நான் அப்படி உட்கார்ந்திருக்கிறேன், உலகத்தில் அதைவிடத் தனியான இடம் கிடையாது. தட்டு வாணி. திரையில் நேரம் காட்டுகிற எண்கள் சிவப்பாகிவிட்டன, நேரம் முடியும்போது தட்டாதிருந்தால் ஏற்குமா, தொலைத்துவிடுமா, விதிமுறையில் என்ன போட்டிருந்தது, எழுத்துள்ள பொருளைப் பற்றி அத்தனை கவனமாகப் படித்தவன் அதைப் படிக்கவில்லை. கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டினால் திரும்புவாள். தட்டினால் கேமரா பார்க்கும். என் விரல் மடிந்து கண்ணாடிக்கு அரை அங்குலத்தில் நின்றது. தட்டினால் போச்சு, தட்டாவிட்டாலும் போச்சோ என்னவோ. முட்டாளே, மூன்று மணி நேரம் உன்னை மறைத்துக்கொண்டு எழுதியவளுக்கு ஒரு பட்டனைத் தட்டத் தெரியாதா. தெரியும். தெரியுமா. எனக்கு நெஞ்சு அடித்த அடிக்கு அதையே அந்த மிஷின் குரல் என்று எடுத்துக்கொண்டுவிடுமோ என்று பயமாக இருந்தது. விரலை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவள் முதுகையே பார்த்தேன். தோள்கள் இறுகியிருக்கவில்லை, அது ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை, பயந்தவன் தோள் காதைத் தொடும், இவள் தோள்கள் தளர்வாக, சாப்பிட்டு முடித்துப் பந்தியில் பேசிக்கொண்டிருக்கிறவள் போல இருந்தன. எண்கள் ஓடின. கடைசியில், எண்கள் தீரப்போகிற நேரத்தில், அவள் கையை நீட்டித் தட்டினாள். திரை முழுக்கப் பச்சை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமாகத்தான் இருக்கிறது.

லேப்டாப்பை மூடிவிட்டு வந்து கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். "எந்திரிங்க. கால் மரத்துப் போயிருக்கும்."

"ஏத்துக்கிச்சா?"

"ஏத்துக்கிச்சுங்க. பூண்டு வண்டிதான் கொஞ்சம் பயங்காட்டிருச்சு. உங்களை நான் பாத்துக்கிட்டேன்."

"கடைசில என்னாச்சு வாணி? எதையாச்சும் விட்டுட்டியா? அப்படியே உக்காந்துட்ட. நான் இங்க செத்துப் பொழைச்சேன்."

"ஒண்ணும் விடலைங்க. அப்பவே முடிஞ்சுது, எல்லாத்தையும் ரெண்டு தடவ சரிபாத்துட்டேன்."

"அப்ப அமுக்கிட்டு எந்திரிக்க வேண்டியதுதான?"

அவள் திரும்பி அந்த நாற்காலியைப் பார்த்தாள். மேஜை மேல் தாள்கள், மூடாத பேனா. "இதுக்கப்பறம் எனக்கு யாருங்க பரீட்சை வைக்கப் போறாங்க," என்றாள். "கொடுத்த நேரம் வரைக்கும் உக்காந்துக்கலாம்னு இருந்துச்சு."

என்னைத் தூக்கிவிடக் கையை நீட்டினாள். பரீட்சை ஹாலில் வெளியே போகலாம் என்ற முதல் மணி அடித்ததும் எழுந்து ஓடிய கால்கள் என்னுடையவை, இப்போது மரத்துப் போய் நிற்க மறுக்கின்றன. அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது.